பார்க்காத ஊரில் கதை நடத்துவது: ரசிகப் புனைவு எழுத வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேறொருவர் உருவாக்கிய கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைதான் ரசிகப் புனைவு. நான் எழுதிய முதல் ரசிகப் புனைவில் இரண்டு துப்பறிவாளர்கள், டிசம்பர் மாதத்து லண்டனில், மாலை ஆறு மணிக்கு, மஞ்சள் வெயிலில் தேம்ஸ் நதிக்கரையில் நடந்துபோவார்கள். கதை வெளிவந்த மறுநாள் அந்த ஊரில் வசிக்கும் வாசகி ஒருவர் இரண்டே வரி எழுதியிருந்தார்: "டிசம்பரில் இங்கே நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். உங்கள் ஆட்கள் பார்த்தது எந்த ஊர்ச் சூரியன்?"

அந்தக் கதைக்காக ஒரு வாரம் உட்கார்ந்து கைத்துப்பாக்கியின் உறுப்புகளைப் படித்திருந்தேன். பிரிட்டனில் பெரும்பாலான போலீஸ்காரர்கள் துப்பாக்கியே வைத்திருப்பதில்லை என்பது அப்புறம் தெரிந்த விஷயம். துப்பாக்கி எனக்கு அந்நியமானது, அதனால் தேடிப் படித்தேன். ஆறு மணி வெயில் எனக்குப் பழக்கமானது, அதனால் தேட வேண்டும் என்றே தோன்றவில்லை. உண்மையான ஊரில் கதையை வைக்கிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான். நமக்குத் தெரியாது என்று தெரிந்த இடங்களில் நாம் கவனமாகவே இருக்கிறோம். மற்ற இடங்களில் நம் பழக்கம் பேனாவை வாங்கிக்கொண்டு தானே எழுதிவிடுகிறது.

பிரிட்டிஷ் பின்னணியில் எழுதப்படும் ரசிகப் புனைவுகளை அந்த நாட்டுக்காரர் ஒருவர் படித்துத் திருத்துவதை ரசிகர்கள் 'பிரிட்பிக்' என்று அழைக்கிறார்கள். அதே வேலையை எந்த ஊருக்கும் செய்யலாம். அதில் பெரும்பகுதியை நாமே செய்துகொள்ளவும் முடியும்.

முதலில் தேதி

ஊரைப் பற்றிப் படிக்கத் தொடங்குவதற்கு முன்னால் கதை நடக்கும் ஆண்டையும் மாதத்தையும், முடிந்தால் கிழமையையும் முடிவு செய்துகொள்ளுங்கள். மூலக்கதை ஆண்டைச் சொல்லியிருந்தால் அதுவே உங்களுடையது. சொல்லவில்லை என்றால் நீங்களே ஒன்றைத் தேர்ந்து, கதையில் எழுதாவிட்டாலும் உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். 'தொண்ணூறுகளில் ஏதோ ஒரு வருடம்' என்பது போதாது. லண்டன் தொலைபேசி எண் 1990 வரை 01 என்று தொடங்கியது. பிறகு நகரின் உட்பகுதிக்கு 071, வெளிப்பகுதிக்கு 081 ஆனது. 1995இல் அவை 0171, 0181 ஆயின. 2000இல் இரண்டும் போய் 020 வந்தது. காதலி கைக்குட்டையில் எழுதிக் கொடுக்கும் எண் இந்த நான்கு காலங்களில் எதைச் சேர்ந்தது என்பதை ஆண்டுதான் தீர்மானிக்கும்.

பிக் பென் இன்னொரு உதாரணம். லண்டன் கதை என்றாலே நள்ளிரவில் அந்த மணி பன்னிரண்டு முறை அடிக்க வேண்டும் என்று ஓர் எழுதாத சட்டம் இருக்கிறது போலும். பழுதுபார்ப்புக்காக 2017 ஆகஸ்டில் நிறுத்தப்பட்ட அந்த மணி, புத்தாண்டு இரவு போன்ற சில நாட்களைத் தவிர்த்து, 2022 நவம்பர் வரை வழக்கமாக ஒலிக்கவில்லை. கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். 2019இல் நடக்கும் கதையில் சாதாரணச் செவ்வாய்க்கிழமை இரவு அது ஒலித்தால் அந்த ஊர்க்காரர் புன்னகைப்பார். சாரம் கட்டிய கோபுரத்தைக் காட்டினால் அதே ஊர்க்காரர் உங்களை அங்கே வாழ்ந்தவர் என்றே நம்பிவிடுவார்.

பழைய காலத்துக்குப் போகப் போகக் கண்ணி அதிகம். 1971 பிப்ரவரி 15க்கு முன் பிரிட்டனில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. இங்கிலாந்தின் மதுக்கூடங்களுக்குள் 2007 ஜூலை வரை புகை பிடிக்கலாம். ஜப்பானின் ஒகினாவாவில் 1978 ஜூலை 30 அன்று வண்டிகள் சாலையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறின. 1975இல் அங்கே நடக்கும் கார் துரத்தலை எழுதுகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

நகரத்தை அல்ல, நாலு தெருவைப் பிடியுங்கள்

டோக்கியோ முழுவதையும் படித்து முடிக்க ஓர் ஆயுள் போதாது. உங்கள் பாத்திரம் வசிக்கும் பேட்டை, வேலைக்குப் போகும் வழி, அடிக்கடி உட்காரும் ஓர் இடம், இவ்வளவு போதும். இணைய வரைபடத்தில் தெருக்காட்சியைத் திறந்து, வீட்டு வாசலிலிருந்து ரயில் நிலையம் வரை ஒரு தடவை 'நடந்து' பாருங்கள். ஏற்றமா இறக்கமா, நடைபாதை எவ்வளவு அகலம், மரங்கள் இருக்கின்றனவா, ஜன்னல்கள் தெருவைப் பார்க்கின்றனவா என்று கவனியுங்கள். படம் எடுத்த மாதமும் ஆண்டும் அதே திரையில் இருக்கும். பல இடங்களுக்குப் பழைய ஆண்டுகளின் படங்களும் கிடைக்கும். அதைப் பார்க்காமல் 2005ஆம் ஆண்டுக் கதைக்குள் நேற்று முளைத்த கட்டடத்தைக் கொண்டுவருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சுற்றுலா அட்டையில் வரும் இடங்களைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். உள்ளூர்க்காரர்கள் பெரிய கோபுரத்தின் அடியில் நின்று காதலைச் சொல்வதில்லை. கூட்டம் என்று சலித்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாதவர்கள்தான் அதிகம்.

பயண நேரத்தைக் கணக்கிடுங்கள். நியூயார்க் சுரங்க ரயில் இரவு முழுவதும் ஓடுகிறது. லண்டனில் சில வழித்தடங்களில் மட்டும், வெள்ளி சனி இரவுகளில் மட்டும், 2016 முதல் ரயில் இரவெல்லாம் ஓடுகிறது. டோக்கியோவிலோ நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விட்டால் ஏறக்குறைய ஐந்து மணி வரை எதுவும் இல்லை. இதைத் தடையாகப் பார்க்காதீர்கள். பேச மாட்டேன் என்று முறைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரைக் கடைசி ரயில் கைவிட்டுவிட்டால், விடியும்வரை அவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஊரின் கால அட்டவணை உங்களுக்கு ஓர் அத்தியாயத்தைத் தானமாகத் தருகிறது.

முதல் வரைவை நிறுத்தாமல் எழுதுங்கள்

சந்தேகம் வரும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே போங்கள். ஒவ்வொரு வரிக்கும் தேடலைத் திறந்தால் கதை வராது, தகவல்தான் வரும். வரைவு முடிந்த பிறகு நட்சத்திரங்களைச் சரிபாருங்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை: நட்சத்திரம் போடத் தோன்றாத இடங்களைத் தேட வேண்டும். எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

மாடி. இங்கிலாந்தில் தெருவிலிருந்து நுழைவது தரைத்தளம், அதற்கு மேலே இருப்பது முதல் தளம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தெருமட்டத்தில் இருப்பதே முதல் தளம். நாயகன் 'இரண்டாம் தளத்து' ஜன்னலிலிருந்து குதிக்கிறான் என்றால், அவனுக்குக் கணுக்கால் சுளுக்குமா, இடுப்பு முறியுமா என்பது நாட்டைப் பொறுத்தது.

படிப்பு. பள்ளிக்கூடக் கதைகளில் இதுதான் முதலிடம். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஆகவே செப்டம்பரில் வகுப்புக்குள் நுழையும் 'புது மாணவன்' அங்கே ஆண்டின் நடுவில் வந்தவன், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவில் ஆண்டு ஜனவரி கடைசியில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் செப்டம்பர், ஆனால் ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஆகஸ்டிலேயே திறந்துவிடும், தேர்வு முறையும் வேறு. 'காலேஜ்' என்ற சொல் இன்னும் மோசம். அமெரிக்கப் பெண் காலேஜ் போகிறாள் என்றால் பட்டப்படிப்பு. பதினேழு வயது இங்கிலாந்துப் பெண் காலேஜ் போகிறாள் என்றால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்பு. தமிழில் இரண்டையும் 'கல்லூரி' என்று எழுதிவிட்டுப் போகிறோம். அப்புறம் அவள் பதினேழு வயதில் விடுதியில் தனியாக இருப்பதாக எழுதுகிறோம். அவளோ அம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள்! இங்கிலாந்தின் 'பப்ளிக் ஸ்கூல்' அரசுப் பள்ளி அல்ல, பெரும் கட்டணம் வாங்கும் பழைய தனியார் பள்ளி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வயது. மது வாங்க பிரிட்டனில் 18, அமெரிக்காவில் 21, ஜப்பானில் 20. ஜப்பானில் சட்டப்படி வயதுவந்தவராகும் வயது 2022 ஏப்ரலில் 18 ஆகக் குறைந்தபோதும் மதுவுக்கான 20 மாறவில்லை. பிரிட்டனில் கார் ஓட்டப் பழகுவது பொதுவாகப் பதினேழில். ஆகவே பதினாறு வயது லண்டன் பையன் அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு போனால் அது காதல் காட்சியாக இருக்காது, போலீஸ் காட்சியாகிவிடும்.

அவசர எண். பிரிட்டனில் 999, அமெரிக்காவில் 911, ஆஸ்திரேலியாவில் 000. ஜப்பானில் போலீசுக்கு 110, தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் 119. ரத்தம் வழியும் காட்சியில் தவறான எண்ணை அழுத்தினால் வாசகரின் பதற்றம் அந்த நொடியே வடிந்துவிடும்.

மருத்துவமனையும் நீதிமன்றமும். பிரிட்டனில் அறுவை மருத்துவரை 'டாக்டர்' என்று அழைப்பதில்லை. ஆணானால் 'மிஸ்டர்', பெண்ணானால் 'மிஸ்' அல்லது 'மிஸஸ்'. கத்தியைப் பிடிக்கிறவர்கள் பட்டம் பெற்ற மருத்துவர்களிலிருந்து தனிக் கூட்டமாக இருந்த காலத்தின் எச்சம் அது. அங்கே அரசு மருத்துவச் சேவை 1948 ஜூலையிலிருந்து இயங்குகிறது. ஆகவே உள்ளூர்க்காரரான நாயகி சிகிச்சைக் கட்டணத்துக்காக நகையை விற்கும் திருப்பம் அமெரிக்காவில் எடுபடலாம், பிரிட்டனில் எடுபடாது. இங்கிலாந்து நீதிபதிகள் சுத்தியலைத் தட்டுவதும் இல்லை. திரைப்படங்கள் தட்டித் தட்டி நம்மைப் பழக்கிவிட்டன.

நாட்டின் பெயர். தமிழில் 'இங்கிலாந்து', 'ஆங்கிலேயர்' என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும் வழக்கம் நமக்கு உண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோக்காரரையும் வேல்ஸின் கார்டிஃப்காரரையும் ஆங்கிலேயர் என்று எழுதினால் அவர்கள் வருத்தப்படுவார்கள், அது நியாயமும்கூட. உங்கள் பாத்திரம் ஸ்காட்லாந்துக்காரர் என்றால் அவர் சட்டம் வேறு, பள்ளி வேறு. குற்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில்கூட அங்கே 15 பேர், இங்கிலாந்தில் 12 பேர்.

வானத்தைப் பாருங்கள்

சூரியன் உதித்து மறையும் நேரத்தை ஊர், தேதி கொடுத்தால் சொல்லிவிடும் தளங்கள் ஏராளம். ஒரு நிமிட வேலை. லண்டனில் ஜூன் மாதம் இரவு ஒன்பது மணி தாண்டியும் சூரியன் இருக்கும். 'இரவு எட்டு மணி இருட்டில் மறைந்து நின்றான்' என்று அங்கே கோடையில் எழுத முடியாது. சிட்னியில் கிறிஸ்துமஸ் கோடையில் வருகிறது. நண்பகல் சூரியன் அங்கே வடக்குப் பக்கம் நிற்கும், ஆகவே வெயில் விழும் அறை வடக்குப் பார்த்த அறை.

கடிகாரமும் இதில் சேர்த்தி. நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் பொதுவாக ஐந்து மணி நேர வித்தியாசம். ஆனால் அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது, பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் வித்தியாசம் நாலு மணி நேரம்தான். தொலைதூரக் காதலர்களை வைத்து எழுதுகிறவர்களே, ஒரு மணி நேரம் குழம்பி ஒரு தொலைபேசி அழைப்பு தவறிப்போக இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

என் துப்பறிவாளர்களை நான் இருட்டில் நடக்க வைத்தேன். காட்சியை மூன்று வரி மாற்றினால் போதும் என்று நினைத்தது முழுதாகத் திருப்பி எழுதும்படி ஆனது. முகம் தெரியாத இருட்டில் அவர்கள் வேறு மாதிரி பேசத் தொடங்கிவிட்டார்கள்.

யார் யாரை 'நீ' என்கிறார்கள்

தமிழில் எழுதுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய சிக்கல் இது.  ஆங்கிலம் பேசும் பாத்திரங்களுக்கு இடையில் 'நீ', 'நீங்கள்' என்ற பிரிவு இல்லை. தமிழில் எழுதும்போது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்வதும் நம் பழக்கம்தான். லண்டனில் ஒன்றாக வேலை பார்த்துக் காதலித்து மணந்த இருவர் கதையை ஒரு முறை திருத்தக் கொடுத்தார்கள். கணவன் மனைவியை 'நீ' என்கிறான், மனைவி கணவனை 'நீங்கள்' என்கிறாள். மூலக்கதையில் அந்தப் பெண் அவனுக்கு மேலதிகாரி! எழுதியவருக்குக் கடைசி வரை அது கண்ணில் படவில்லை.

ஆகவே எழுதுவதற்கு முன்னால் ஒரு தாளில் பாத்திரங்களின் பெயர்களைக் குறுக்கும் நெடுக்குமாக எழுதி, யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், எந்தக் காட்சியில் அது மாறுகிறது என்று நிரப்பிவிடுங்கள். ஜெர்மன், பிரெஞ்சு பேசும் பாத்திரங்களுக்கு வேலை சுலபம். அந்த மொழிகளில் நம்மைப் போலவே இரண்டு சொற்கள் இருக்கின்றன, கணவனும் மனைவியும் பொதுவாக இருபுறமும் 'நீ' தான். ஆங்கிலத்தில் அந்த இடத்தைப் பெயர் பிடித்துக்கொள்கிறது. குடும்பப் பெயரிலிருந்து சொந்தப் பெயருக்குத் தாவும் இடத்தில் நீங்கள் 'நீங்கள்' விட்டு 'நீ'க்குத் தாவலாம். இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரை 'சர்' என்றும், ஆசிரியை மணமானவரானாலும் 'மிஸ்' என்றும் அழைப்பதைப் பரவலாகக் கேட்கலாம். தமிழில் அப்படியே வைத்துவிடலாம், நமக்கு அது உறுத்தாது.

ஜப்பானில் குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்து அழைத்தவர் ஒருநாள் சொந்தப் பெயரால் அழைத்தால் அது பெரிய நிகழ்ச்சி. முதல் பக்கத்திலேயே எல்லோரும் எல்லோரையும் சொந்தப் பெயரால் அழைத்துவிட்டால் அந்த நிகழ்ச்சியைக் கையாலேயே தூக்கி எறிந்துவிட்டீர்கள்.

கொரியக் கதைகளில்தான் ஆபத்து மிகுதி. ஆண் தன்னைவிட மூத்த ஆணை 'ஹியோங்' என்பான், பெண் மூத்த ஆணை 'ஒப்பா' என்பாள். இரண்டுக்கும் அகராதி 'அண்ணன்' என்றே பொருள் தரும். ஆனால் காதலனையும் பெண்கள் 'ஒப்பா' என்று அழைப்பதுண்டு. அதை மொழிபெயர்க்கிறேன் என்று காதலியின் வாயில் 'அண்ணா'வைப் போட்டால் தமிழ் வாசகர் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்விடுவார். சொல்லை அப்படியே விடுங்கள், இரண்டு முறை வந்தால் வாசகருக்குப் பழகிவிடும்.

வட்டார வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்துக்காரரையோ ஒசாகாக்காரரையோ தமிழின் ஏதோ ஒரு வட்டாரப் பேச்சில் பேசவைக்கும் ஆசை வரும். வேண்டாம். படிக்கிறவருக்கு அந்தத் தமிழ் வட்டாரம்தான் கண்முன் வரும், கிளாஸ்கோ வராது. பேச்சின் நீளம், சுருக்கம், நக்கல், இவற்றில் வேறுபாட்டைக் காட்டுங்கள்.

எங்கே தேடுவது

வீட்டின் உட்புறம் தெரிய வேண்டுமானால், அந்த ஊரில் வீடு விற்கும் விளம்பரத் தளங்களைப் போல உதவுவது வேறில்லை. அறை அறையாகப் படம் இருக்கும், பல வேளைகளில் தரைப்படமும் இருக்கும். பிரிட்டிஷ் வீடுகளில் சமையலறையிலேயே சலவை இயந்திரம் நிற்பது, கடிதம் கதவிலுள்ள துளை வழியே உள்ளே விழுவது, ஜப்பானிய வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற ஒரு படி தாழ்ந்த இடம் இருப்பது எல்லாம் அப்படித்தான் கண்ணில் படும். உள்ளூர்ச் செய்தித்தாள்கள், நகராட்சித் தளங்கள், ரயில் அட்டவணைகள் அடுத்த நிலை. அந்த ஊர்க்காரர்கள் எதைப் பற்றிப் புகார் செய்கிறார்கள் என்று படியுங்கள். ஓர் ஊரைப் புகார்களைவிட நன்றாகக் காட்டுவது எதுவுமில்லை.

படத்தையோ தொடரையோ பார்த்து ஊரை எழுதாதீர்கள். அமெரிக்க நகரத்தில் நடக்கும் பல கதைகளை டொரோண்டோவிலும் வான்கூவரிலும் எடுக்கிறார்கள். தெருவோரத் தபால்பெட்டி அமெரிக்காவில் நீலம், கனடாவில் சிவப்பு. திரையின் ஓரத்தில் தப்பித்தவறித் தெரியும் ஒரு சிவப்புப் பெட்டி உங்கள் சிகாகோ கதைக்குள் வந்துவிடக் கூடாது. மூலக்கதையே தவறு செய்திருந்தால்? மூலத்தோடு போங்கள். ரசிகர்கள் அந்தத் தவறையும் சேர்த்துத்தான் நேசிக்கிறார்கள்.

ஊர்க்காரரிடம் கேட்பது

எல்லாம் முடிந்த பிறகு அந்த ஊரில் வாழ்ந்த ஒருவரிடம் கொடுங்கள். 'எல்லாம் சரியா?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: இந்த நேரத்தில் இந்தத் தெருவில் ஒரு பெண் தனியாக நடப்பாளா? பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் வருவாரா? மழை வந்தால் ஓடுவாரா, பேசாமல் நனைவாரா? அவர் எங்கே சிரித்தார் என்று கேளுங்கள், நீங்கள் நகைச்சுவை எழுதாத இடத்தில் சிரித்திருந்தால் அங்கே பிழை இருக்கிறது. சேகரித்த தகவல் முழுவதையும் கதையில் கொட்டிவிட்டீர்களா என்றும் கேளுங்கள். ஊர்க்காரர் தன் தெருவை விவரிப்பதில்லை, அதில் நடந்துபோகிறார்.

இரண்டு சிறு எச்சரிக்கைகள். உண்மையான தெருவில் உண்மையான கதவு எண்ணைப் போட்டுக் கொலை நடத்தாதீர்கள், அங்கே ஒரு குடும்பம் குடியிருக்கக்கூடும். தொலைபேசி எண் தேவைப்பட்டால் கதைகளுக்கென்றே ஒதுக்கியவை இருக்கின்றன: லண்டனுக்கு 020 7946 0 என்று தொடங்கும் ஆயிரம் எண்கள், அமெரிக்காவில் 555-0100 முதல் 555-0199 வரை.

கதை வெளிவந்த பிறகும் யாராவது பிழை சொல்வார்கள். நன்றி சொல்லித் திருத்திவிடுங்கள், வாதாடாதீர்கள். என் கதை ஒன்றில் ஒரு பஸ் நிறுத்தம் தெருவின் எந்தப் பக்கம் என்பதில் அதே பேட்டையைச் சேர்ந்த இரண்டு வாசகர்கள் ஒருவரையொருவர் மறுத்து மூன்று நாள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தத்தை அது இருந்த இடத்திலேயே நான் விட்டுவிட்டேன்.